கார் பிள்ளையுடையது, கை யாருடையது?

பந்தயத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம். அமெரிக்கப் புறநகர் ஒன்றில் ஒரு பள்ளிக்கூடத்தின் உணவுக்கூடம். நீள மேசை மேல் எலக்ட்ரானிக் தராசு, பக்கத்தில் அளவு பார்க்க ஒரு மரப்பெட்டி, ஒரு ட்ரில், ஒரு க்ளூ கன். வரிசையில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள். ஆளுக்கொரு மரக் கார், அதைப் பச்சைக் குழந்தையைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார்கள். தராசு 5.0 அவுன்ஸ் காட்டினால் கார் உள்ளே போகும். 5.1 என்றால் போகாது. அப்போது பிள்ளை அப்பாவைப் பார்க்கிறான். அப்பா தராசைப் பார்க்கிறார்.

"வீட்டுல வெச்சப்ப சரியா இருந்துச்சே..."

இந்த ஒரு வசனத்தை ஆண்டுதோறும் அமெரிக்கா முழுக்கப் பல ஆயிரம் அப்பாக்கள் சொல்கிறார்கள். தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரும் யாரோ ஒரு பிள்ளையின் அப்பாதான். சம்பளம் இல்லாத வேலை, கிடைப்பது வசவு. ட்ரில்லை எடுத்து, காரின் அடிவயிற்றில் சின்னதாக ஒரு குழி போட்டு, மறுபடி எடை வைக்கச் சொல்கிறார். 4.99. பிள்ளையின் முகத்தில் உயிர் வருகிறது.

இதற்குப் பெயர் பைன்வுட் டெர்பி. கப் ஸ்கவுட் என்னும் குருளைச் சாரணர்களின் பந்தயம். பைன் மரக்கட்டை ஒன்று, பிளாஸ்டிக் சக்கரம் நான்கு, அச்சுக்குப் பதிலாக ஆணி நான்கு. எல்லாம் ஒரே பெட்டியில் வரும். கட்டையைச் செதுக்கி, உப்புத்தாளில் தேய்த்து, வர்ணம் அடித்து, சக்கரம் மாட்டி, சாய்வான தடத்தின் உச்சியில் நிறுத்த வேண்டும். மோட்டார் கிடையாது, சாவி கிடையாது. தடையை விடுவித்தால் புவியீர்ப்பு இழுத்துக்கொண்டு போகும். இன்றைய அலுமினியத் தடம் பெரும்பாலும் 42 அடி. ஓட்டம் மூன்று நொடிதான். நீங்கள் இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் முடிந்துவிடும்.

மூன்று நொடிப் பந்தயத்துக்கு எதற்கு இத்தனை காவல்? எடைச் சோதனை, அளவுச் சோதனை, சக்கரச் சோதனை. சோதித்த காரை ராத்திரி முழுக்கப் பூட்டி வைக்கும் வழக்கம். விமான நிலையத்தில்கூட இவ்வளவு பார்க்க மாட்டார்கள் என்று தோன்றும். ஆனால் இந்தப் பந்தயத்தின் பிறப்பிலேயே ஒரு முடிச்சு இருக்கிறது. அது புரிந்தால்தான் காவல் எதற்கென்று புரியும்.

ஓர் அப்பாவின் யோசனை

1953. கலிபோர்னியாவில் மன்ஹாட்டன் பீச் என்ற கடலோர ஊர். டான் மர்ஃபி என்பவர் நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் என்ற விமான நிறுவனத்தில் கலை இயக்குநர். ஊரில் குருளையர் குழு 280சி-க்குத் தலைவரும் அவர்தான். மகனுக்குப் பத்து வயது. அந்தக் காலத்தில் அமெரிக்கச் சிறுவர்களின் பெருங்கனவு சோப் பாக்ஸ் டெர்பி: தானே செய்த எஞ்சின் இல்லாத வண்டியில் தானே உட்கார்ந்து மேட்டிலிருந்து இறங்கும் பந்தயம். மர்ஃபியின் மகனுக்கு அதற்கு வயது போதவில்லை. பெரிய வண்டி முடியாவிட்டால் சின்ன வண்டி என்று யோசித்தார் அப்பா. அந்த ஆண்டு மே 15-ம் தேதி முதல் பந்தயம் நடந்தது. முடிவுக் கோட்டில் எந்தக் கார் முந்தியது என்று பார்க்க வாசல் அழைப்புமணியின் பாகங்களை வைத்து மின் ஏற்பாடு செய்தார்களாம். 1954 அக்டோபரில் 'பாய்ஸ் லைஃப்' இதழ் காரின் வரைபடத்தை வெளியிட்டது. பிறகு நாடு முழுக்கப் பரவிவிட்டது.

மர்ஃபிக்கு மூன்று நோக்கங்கள் இருந்தன. அப்பாவும் பிள்ளையும் நெருங்க வேண்டும், பிள்ளைக்குக் கைவேலை பழக வேண்டும், போட்டியில் நாணயம் கற்க வேண்டும். மூன்றும் நல்லவைதான். ஆனால் முதலாவதும் மூன்றாவதும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் சண்டை போடும். அப்பாவைக் கூட்டிக்கொண்டுதான் செய்ய வேண்டும் என்பது பந்தயத்தின் அடிப்படை. அப்படியிருக்க, அப்பா எவ்வளவு செய்யலாம்?

முழுக்கப் பிள்ளையே செய்யட்டும் என்று விதி போடவும் முடியாது. மின் ரம்பத்தைச் சின்னப் பிள்ளைகள் தொடக்கூடாது என்பது சாரணர் அமைப்பின் பாதுகாப்பு விதி. ஆக, கட்டையை அறுப்பது பெரியவர்தான். அறுத்தவர் ஓரத்தைக் கொஞ்சம் அரத்தால் சரிசெய்கிறார். பிறகு உப்புத்தாளை அவரே எடுக்கிறார். பையன் பக்கத்தில் நின்று, "நான் ஒரு தடவை தேய்க்கிறேனே அப்பா" என்று கேட்கிறான். "இரு கண்ணா, இது மட்டும் முடிச்சிட்டுத் தர்றேன்." மூன்றாவது நாள் பையன் உள்ளே போய் டிவி பார்க்கிறான். அப்பா வண்டிக் கொட்டகையில் தனியாக, நாக்கைக் கடித்துக்கொண்டு ஆணியை மெருகேற்றிக்கொண்டிருக்கிறார். எந்த நொடியில் உதவி கள்ளாட்டமாக மாறியது? அவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது.

இதைக் கேலி செய்ய நமக்கு உரிமை குறைவு. அறிவியல் கண்காட்சிக்குத் தெர்மாகோல் எரிமலையைக் கடையில் காசு கொடுத்து வாங்கி, அதில் பிள்ளையின் பெயரை எழுதி ஒட்டி அனுப்பும் ஊர்தான் நம்முடையது. இப்போது நியூஜெர்ஸியிலும் டெக்சாஸிலும் இருக்கும் நம்மவர் பிள்ளைகளும் குருளையர் சட்டை போட்டுக்கொண்டு இந்த வரிசையில் நிற்கிறார்கள். அப்பா மெக்கானிக்கல் எஞ்சினியராக இருந்துவிட்டால் போச்சு.

ஐந்து அவுன்ஸின் விஞ்ஞானம்

விதிகள் பார்ப்பதற்கு எளிமையானவை. எடை 5 அவுன்ஸுக்கு மேல் கூடாது. நம் கணக்கில் சுமார் 142 கிராம். நீளம் 7 அங்குலம், அகலம் இரண்டே முக்கால் அங்குலம். பெட்டியில் வந்த சக்கரமும் ஆணியும்தான் போட வேண்டும். பேரிங், வாஷர், ஸ்பிரிங் எதுவும் கூடாது. எண்ணெய் கூடாது, கிராஃபைட் தூள் போடலாம். தலைமை அமைப்பு பொதுவான விதிகளைப் பெட்டியிலேயே அச்சடித்துத் தந்தாலும் ஒவ்வொரு ஊர்க் குழுவும் தன் விதியைத் தானே வகுத்துக்கொள்கிறது. சச்சரவுகளில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

எடைக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி? கனமான பொருளும் லேசான பொருளும் ஒரே வேகத்தில்தான் விழும் என்று பள்ளியில் படித்தோமே? வெற்றிடத்தில் அது சரி. இங்கே காற்றும் இருக்கிறது, உருள வேண்டிய சக்கரமும் இருக்கிறது. காற்றின் தடுப்பு காரின் எடையைப் பார்த்து வருவதில்லை. 100 கிராம் காரையும் 142 கிராம் காரையும் ஒரே மாதிரிதான் பிடித்திழுக்கும். சக்கரத்தைச் சுழற்றச் செலவாகும் சக்தியும் அப்படியே. கனமான காருக்கு அந்த இழப்பு உறைக்காது. ஆகவே எல்லோருக்கும் 5.0-தான் இலக்கு. 5.2 வைத்தவன் அடுத்தவனைவிடக் கூடுதல் எரிபொருளோடு வந்தவன்.

எடையை எங்கே வைப்பது என்பது அடுத்த விஷயம். தடத்தின் உச்சியில் கார் சாய்ந்து நிற்கிறது. பின்பக்கம்தான் உயரத்தில் இருக்கிறது. பாரத்தைப் பின்னுக்குத் தள்ளினால் அது இன்னும் கொஞ்சம் உயரத்திலிருந்து இறங்கும். சாய்வு 30 பாகை என்று வைத்துக்கொண்டால், பாரத்தை ஓர் அங்குலம் பின்னால் தள்ளியதற்கு அரை அங்குல உயரம் இலவசம். அதற்காகத்தான் ஈயத்தைவிட அடர்த்தியான டங்ஸ்டனை வாங்கிப் பின் அச்சுக்கு அருகே புதைக்கிறார்கள். இது கள்ளத்தனம் இல்லை, கெட்டிக்காரத்தனம். ஆனால் ரொம்பவும் பின்னால் போனால் முன்சக்கரம் தூக்கிக்கொண்டு கார் தடம் புரளும். ஒரு பிள்ளை இயற்பியலைக் கையால் தொட்டுப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல பாடம் இருக்காது. தொட்டுப் பார்ப்பது பிள்ளையாக இருந்தால்.

நல்ல கார்களுக்கு இடையே வித்தியாசம் ஆயிரத்தில் சில நொடிகள். ஆயிரத்தில் ஒரு நொடி என்றால் முடிவுக் கோட்டில் நாலைந்து மில்லிமீட்டர். அந்த மில்லிமீட்டருக்காகத்தான் மனித மூளை என்னென்னவோ செய்கிறது.

சக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் வருவது ஏறத்தாழ இரண்டரை கிராம். அதை லேத்தில் கொடுத்து உள்பக்கம் சுரண்டினால் ஒரு கிராம் அளவுக்குக் கொண்டுவரலாம். லேசான சக்கரம் சீக்கிரம் சுழலும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால்தான் சோதனை மேசையில் இருப்பவர் சக்கரத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார். சக்கரத்தின் ஓரத்தில் அச்சில் வார்த்த மெல்லிய வரிகள் இருக்கும். ஓரத்திலும் லேத் பட்டால் அவை அழிந்துவிடும். வரி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இன்னும் நுணுக்கமானவர்கள் இருக்கிறார்கள். தொழிற்சாலையில் எந்த அச்சில் வார்த்தது என்ற எண் சக்கரத்தின் உள்பக்கம் இருக்கும். இன்ன எண் சக்கரம்தான் வட்டம் பிசகாமல் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த எண்ணை மட்டும் பொறுக்கி வாங்குபவர்கள் உண்டு. இது விதிமீறலா? எந்த விதிப்புத்தகத்திலும் பதில் கிடைக்காது.

மூக்கிலும் வேலை நடக்கும். கார் நிற்கும் இடத்தில் ஒரு சிறு முளை அதைத் தடுத்து நிற்கும். விசையை விட்டால் முளை முன்னால் சாய்ந்து கீழே இறங்கும். காரின் மூக்கை உயரத்தில் வைத்தால் முளையின் நுனி மற்றவர்களுக்கு முன்பே அதைவிட்டு விலகும். மூக்கின் நடுவே ஒரு பள்ளம் வெட்டி முளையை அதற்குள் உட்காரவைத்தால் காரின் முன்பாகம் கோட்டைத் தாண்டி நிற்கும். 'முளைக்கு முன்னால் காரின் எந்தப் பாகமும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது' என்று ஒரு விதியைப் பார்த்தால், முன்பு எவரோ அப்படி நீட்டியிருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். விதிப்புத்தகம் என்பது பழைய தில்லுமுல்லுகளின் வரலாறு. 'தளர்ந்த, நகரும் பாரம் கூடாது' என்பதன் பின்னால் உள்ளே உருளும் குண்டும், பாதரசமும்கூட இருக்கின்றன. பிள்ளை கையில் வைத்து விளையாடும் காருக்குள் பாதரசம் ஊற்றலாம் என்று ஒரு பெரியவருக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள்.

அத்தனை கஷ்டமும் வேண்டாம் என்பவர்களுக்கு இணையத்தில் முழுக் காரே விலைக்குக் கிடைக்கிறது. பெட்டியின் விலை சில டாலர்கள். ஜெயிக்கும் காரின் விலை நூறு டாலருக்கு மேல்கூடப் போகும்.

அமெரிக்கர்களே இதை நினைத்துச் சிரித்துக்கொள்கிறார்கள். 2005-ல் 'டவுன் அண்ட் டெர்பி' என்று ஒரு படமே வந்தது. பிள்ளைகளின் காருக்காக அப்பாக்கள் அடித்துக்கொள்ளும் கதை. 2009-ல் 'சவுத் பார்க்' கார்ட்டூனில் ஓர் அப்பா ஜெனீவாவின் அணுத்துகள் மோதுகருவியிலிருந்து காந்தத்தைத் திருடி வந்து மகனின் காரில் பொருத்துவார். கார் விண்வெளிக்கே போய்விடும். கார்ட்டூன்காரர்களின் கற்பனை என்று விட்டுவிடலாம். ஆனால் காந்தம் மட்டும் கற்பனை இல்லை.

ஆக்ரனில் ஒரு காந்தம்

மர்ஃபியின் மகனுக்குக் கிடைக்காமல்போன அந்தப் பெரிய பந்தயத்துக்கு வருவோம். சோப் பாக்ஸ் டெர்பியைத் தொடங்கியவர் ஒஹாயோ மாநிலம் டேட்டனில் ஒரு செய்தித்தாளின் புகைப்படக்காரர், மைரன் ஸ்காட். தெருவில் பிள்ளைகள் பெட்டி வண்டியில் இறங்கி விளையாடுவதைப் படமெடுக்கப் போனவர், 1934-ல் அதை முறையான பந்தயமாக்கினார். அடுத்த ஆண்டே அது அதே மாநிலத்தின் ஆக்ரனுக்குப் போனது. அங்கே இதற்கென்றே ஏறத்தாழ ஆயிரம் அடி நீளத்தில் சரிவுப் பாதை கட்டினார்கள். ஷெவர்லே கார் நிறுவனம் பல்லாண்டு காலம் ஆதரவு தந்தது. 1972-க்குப் பிறகு விலகிக்கொண்டது.

1973 ஆகஸ்ட். கொலராடோ மாநிலம் போல்டரிலிருந்து வந்த 14 வயதுச் சிறுவன் இறுதிப் போட்டியில் ஜெயித்தான். பரிசு 7,500 டாலர் கல்வி உதவித்தொகை. அவன் பெயர் அன்று எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. இங்கே வேண்டாம், அவன் ஒரு பிள்ளை.

சந்தேகம் வந்த விதம்தான் சுவாரஸ்யம். ஓட்டத்தின் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் அந்த வண்டி புறப்பட்ட சில அடிகளுக்குள்ளேயே இயற்கைக்கு மாறாக முந்துகிறது. சரிவில் எல்லா வண்டிக்கும் ஒரே புவியீர்ப்புதான். முதல் நாலடியில் ஒருவனுக்கு மட்டும் எப்படி முன்னிலை வரும்? இன்னொன்றையும் கவனித்தார்கள். ஓட்டத்துக்கு ஓட்டம் அவனுடைய வேகம் குறைந்துகொண்டே வந்தது. ஏதோ ஒன்று உள்ளே தீர்ந்துகொண்டிருக்கிறது. வண்டியை எக்ஸ்ரே எடுத்தார்கள்.

மூக்கில் ஒரு மின்காந்தம். உள்ளே பேட்டரி. ஸ்விட்ச் இருந்த இடம் ஓட்டுபவனின் தலைக்குப் பின்னால். குனிந்து உட்காரும்போது ஹெல்மெட்டைப் பின்னால் அழுத்தினால் மின்சாரம் பாயும். புறப்படும் இடத்தில் வண்டியைத் தடுத்து நிற்பது இரும்புத் தகடு. தடை சாயும்போது காந்தம் அதைப் பற்றிக்கொண்டு வண்டியை முன்னால் இழுத்துக்கொள்ளும். சில அங்குல ஆதாயம்தான், ஆனால் பந்தயமே அந்தச் சில அங்குலம்தானே. பேட்டரி இறங்க இறங்க இழுவையும் குறைந்தது. காட்டிக்கொடுத்தது அதுவே. வெற்றி பெற்ற இரண்டே நாளில் பட்டம் பறிபோனது. அடுத்து வந்த சிறுவனை வெற்றியாளனாக அறிவித்தார்கள்.

இதைச் செய்யச் சொன்னவர் அவனுடைய மாமா, ராபர்ட் லாங்கே. சாதாரண ஆள் இல்லை. பிளாஸ்டிக் பனிச்சறுக்குக் காலணியை உலகுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர், பொறியியல் மூளை. அதற்கு முந்தைய ஆண்டு, 1972-ல், இதே பந்தயத்தில் ஜெயித்தது அவருடைய சொந்த மகன். அவர் சொன்ன சமாதானம்தான் இந்தக் கட்டுரையின் மையம்: இங்கே எல்லோரும் ஏமாற்றுகிறார்கள், பெரியவர்கள்தான் வண்டி கட்டுகிறார்கள், நாம் செய்தது ஈடு கட்டுவது மட்டும்தான். வழக்கு வந்தது. சிறுவனைத் தவறான வழியில் செலுத்தியதாகக் குற்றச்சாட்டு. கடைசியில் சிறுவர் மன்றம் ஒன்றுக்கு 2,000 டாலர் கொடுப்பதாக ஒப்புக்கொண்டு விவகாரத்தை முடித்துக்கொண்டார்.

அந்தச் சமாதானத்தைப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதுதான் சங்கடம். பதினான்கு வயதுப் பையன்கள் தாங்களே கட்டியதாகச் சொன்ன பல வண்டிகளில் பெரியவர் கை இருந்தது ஊரறிந்த ரகசியம். அது பொறுக்கும் அளவுக்கு இருந்தவரை யாரும் கேட்கவில்லை. ஒருவர் காந்தம் வைத்த பிறகுதான் எல்லோருக்கும் நாணயம் நினைவுக்கு வந்தது. மற்றவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்ற நம்பிக்கையைப்போல ஏமாற்றுவதற்கு வசதியான காரணம் வேறில்லை. ஆகவே, கள்ளாட்டத்தைத் தடுக்க விரும்புகிறவர் முதலில் அந்த நம்பிக்கையை உடைக்க வேண்டும். பிடிப்பது இரண்டாம் பட்சம்.

மாற்றிப் போடு

ஆக்ரன்காரர்கள் பின்னாளில் கற்ற பாடம் இதுதான் என்று நினைக்கிறேன். 1976-ல் இளையோர் பிரிவைத் தொடங்கி, அதில் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பாகங்கள் கொண்ட பெட்டியைக் கொடுத்தார்கள். தானே வடிவமைக்கும் பெருமை கொஞ்சம் போனது. பணக்கார மாமா இருப்பதன் ஆதாயமும் போனது. என்னைக் கேட்டால் இரண்டாவதற்காக முதலாவதை இழந்தது லாபம்தான்.

அதைவிட அழகான ஏற்பாடு ஒன்று இருக்கிறது. இரண்டு வண்டிகள் ஒரு தடவை ஓடும். பிறகு இரண்டின் சக்கரங்களையும் கழற்றி ஒன்றுக்கொன்று மாற்றிப் போடுவார்கள். தடத்தையும் மாற்றுவார்கள். மறுபடி ஓட்டம். இரண்டு ஓட்டத்திலும் உள்ள நேர வித்தியாசத்தைச் சேர்த்துப் பார்த்து வெற்றியாளரை முடிவு செய்வார்கள். இப்போது சக்கரத்தில் ஏதோ ரசாயனம் தடவி எடுத்துவந்தவன் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இரண்டாவது ஓட்டத்தில் அந்தச் சக்கரம் எதிராளியின் வண்டியில்! ஏமாற்றியவனை யாரும் பிடிக்கவில்லை, விசாரிக்கவில்லை, அவமானப்படுத்தவில்லை. ஏமாற்றியதால் பயன் இல்லாமல் போனது, அவ்வளவுதான். நூறு எக்ஸ்ரேயைவிட இந்த ஒரு ஸ்பேனர் மேல்.

குட்டிக் கார் பந்தயங்களிலும் இதே யோசனைகள் வேறு உருவில் இருக்கின்றன. முன்பெல்லாம் தோற்றவன் வெளியே என்ற முறை இருந்தது. கோணலான தடம் கிடைத்தவன் அழுதுகொண்டே வீட்டுக்குப் போவான். அவன் அப்பா, நடத்துபவரின் பிள்ளைக்கு மட்டும் எப்போதும் இரண்டாம் தடம் கிடைத்ததே என்று கணக்குப் போடுவார். இப்போது பெரும்பாலும் எல்லாக் காரும் எல்லாத் தடத்திலும் ஒருமுறை ஓடும். கம்ப்யூட்டர் வரிசை போடுகிறது. மின்கண் ஆயிரத்தில் ஒரு நொடிவரை நேரம் பார்க்கிறது. சராசரியை எடுத்து முடிவு சொல்கிறார்கள். தோற்றவனுக்கும் நாலைந்து ஓட்டம் கிடைக்கிறது. புகார் சொல்ல இடம் குறைகிறது. யார் ஏமாற்றினார் என்ற பேச்சில் பெரும்பங்கு ஏமாற்றால் வருவதில்லை, நடத்துபவர்மேல் உள்ள சந்தேகத்தால் வருகிறது. திரையில் எண்கள் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தால் அந்தப் பேச்சு பாதியாகக் குறையும்.

சோதனை முடிந்த காரைத் திருப்பித் தராமல் அலமாரியில் பூட்டி வைப்பது இன்னொன்று. 5.0 காட்டிவிட்டுப் போன கார், மறுநாள் காலை அடியில் ஒட்டிய டங்ஸ்டன் உருண்டையோடு வரக்கூடாது என்பதற்காக. ஓட்டங்களுக்கு நடுவே கிராஃபைட் போடவும் அனுமதி இல்லை. சக்கரம் கழன்றால் மட்டும் எல்லோரும் பார்க்க, சில நிமிடத்தில் சரிசெய்யலாம். போன வருஷக் காரும் அண்ணன் ஓட்டிய காரும் கூடாது என்பது அநேகமாக எல்லா ஊரிலும் உண்டு. அண்ணன் கார் வேண்டாம் என்பது கண்டிப்பு மாதிரித் தெரிந்தாலும் தம்பிக்குச் செய்யும் உபகாரம். இல்லாவிட்டால் அவனுக்கு ஒரு வருஷமும் உப்புத்தாள் கைக்கு வராது.

இவ்வளவும் செய்தாலும் மின் தராசுக்கு எட்டாத ஒன்று மிச்சம் இருக்கிறது: யார் கை? அதற்கு நான் பார்த்தவரையில் உருப்படியான வழிகள் இரண்டு.

ஒன்று, பொதுப் பட்டறை. பந்தயத்துக்குச் சில வாரம் முன் ஒரு சனிக்கிழமை எல்லாப் பிள்ளைகளையும் ஓரிடத்தில் கூட்டுகிறார்கள். ரம்பம் வைத்திருக்கும் இரண்டு பெரியவர்கள் எல்லாக் கட்டையையும் அறுத்துத் தருகிறார்கள். மற்றதை அங்கேயே உட்கார்ந்து பிள்ளைகள் செய்கிறார்கள். அப்பா இல்லாத பிள்ளைக்கும், அம்மா இரண்டு வேலை பார்க்கும் பிள்ளைக்கும், சுத்தியலே இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே உதவி. ஏமாற்றுத் தடுப்பு என்று யாரும் இதைச் சொல்வதில்லை. ஆனால் பத்துப் பிள்ளைகள் கோணல்மாணலாகச் செய்துகொண்டிருக்கும் அறையில், தன் பிள்ளையின் காரை மட்டும் போர்விமானம்போல மெருகேற்ற எந்த அப்பாவுக்கும் கூச்சமாக இருக்கும்.

இரண்டாவது வழி, அப்பாக்களுக்கே ஒரு பந்தயம். பெரியவர்களும் அண்ணன் தம்பிகளும் கலந்துகொள்ளும் திறந்த பிரிவு பல ஊர்களில் இருக்கிறது. லேத்தில் கொடுங்கள், அச்சை வளையுங்கள், மூக்கில் எது வேண்டுமானாலும் செய்யுங்கள். ஆனால் காரில் உங்கள் பெயர் இருக்கட்டும். இந்த ஆசை முற்றிப்போனவர்களுக்குத் தனி லீக்குகளே உண்டு. காரைப் பெட்டியில் போட்டுத் தபாலில் அனுப்புவார்கள். எங்கோ ஓர் ஊரில் ஒருவர் எல்லாக் காரையும் ஓட்டுவார். இவர்கள் வீட்டில் உட்கார்ந்து இணையத்தில் பார்ப்பார்கள். ஐம்பது வயது மனிதர் மரக் காரைத் தபாலில் அனுப்புவது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் எட்டு வயது மகனின் தோளில் ஏறி ஜெயிப்பதைவிட எவ்வளவோ கௌரவம்.

பரிசுகளைப் பெருக்கினால் போதும், வேகத்துக்கு மட்டுமல்லாமல் அழகான கார், விநோதமான கார் என்று கொடுத்தால் வெறி தணியும் என்றும் சிலர் சொல்கிறார்கள். கொஞ்சம் தணியும். எட்டு வயதுப் பிள்ளைக்கு எது உண்மையான பரிசு என்று நன்றாகத் தெரியும்.

சோதனை மேசையில் பிள்ளையிடமே பேச்சுக் கொடுப்பதும் எளிமையான உபாயம். "இந்தச் சிவப்பு எப்படி அடிச்சே? சக்கரம் மாட்டும்போது கஷ்டமா இருந்துச்சா?" தானே செய்தவன் நிறுத்த மாட்டான், ஆணி வளைந்த கதை, பசை விரலில் ஒட்டிய கதை, தங்கை காரைக் கீழே போட்ட கதை எல்லாம் வரும். செய்யாதவன் அப்பாவைத் திரும்பிப் பார்ப்பான். இதை வைத்து யாரையும் நீக்கக் கூடாது. கூச்ச சுபாவமுள்ள பிள்ளையும் அப்படித்தான் பார்க்கும். ஆனால் அடுத்த வருஷம் அதே கேள்வி வரும் என்று அந்த அப்பாவுக்குத் தெரிந்துபோகும்.

சரி, பிடித்த பிறகு என்ன? லேத் பட்ட சக்கரத்தோடு ஒரு கார் மேசைக்கு வந்துவிட்டது. பின்னால் முப்பது பேர் வரிசையில். உரக்கச் சொன்னால் குற்றம் செய்தவர் அல்ல, காரைப் பிடித்திருப்பவன் அழுவான். திருப்பி அனுப்பினால் அவனுக்குப் பந்தயமே இல்லை. கண்டுகொள்ளாமல் விட்டால் மற்ற முப்பது வீட்டிலும் அடுத்த வருஷம் லேத் வந்துவிடும். நிதானமான குழுக்கள் இதற்கு முன்கூட்டியே தயாராக இருக்கின்றன: சோதனையைப் பந்தய நாளன்று வைக்காமல் முந்தைய நாளே வைக்கிறார்கள், மேசைக்கு அடியில் பிரிக்காத சக்கரப் பொட்டலங்கள் நாலைந்து வைத்திருக்கிறார்கள். அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்தச் சக்கரம் செல்லாது சார், இந்தாங்க புதுசு" என்று கொடுத்துவிடலாம். காரணம் கேட்க வேண்டாம், விளக்கமும் வேண்டாம்.

நான் அந்த மேசையில் உட்கார்ந்தால் ஒரு நிபந்தனை மட்டும் சேர்ப்பேன். பொட்டலத்தையும் சுத்தியலையும் பையன் கையில் கொடுப்பேன். அப்பா காரைப் பிடித்துக்கொள்ளலாம். நாலு ஆணியையும் அவன்தான் அடிக்க வேண்டும். அப்பாவின் விரல் ஜாக்கிரதை என்று மட்டும் சொல்லி வைப்பேன்.